கெட்டி மேளத்தை அகற்றிய விதம்

வக்கீல் சேதுபதியின் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த மூன்றாம் நாள், கிருபாபாய் ஒரு விவாகரத்து மனுவை அடித்து முடித்துவிட்டு, சேமிக்க மறந்து, அதை மூடப் போனாள். சேமிக்கவா வேண்டாமா என்று திரையில் ஒரு பெட்டி எழுந்தது. கூடவே கெட்டி மேளமும் எழுந்தது.

எங்கோ தூரத்தில் கேட்கும் மேளம் இல்லை. தாலி முடிச்சு விழும் நேரத்தில் தவிலும் நாகஸ்வரமும் போட்டி போட்டுக்கொண்டு மண்டபத்துக் கூரையை முட்டுமே, அந்த மேளம். முழுதாகப் பன்னிரண்டு விநாடி. எதிரே உட்கார்ந்திருந்த மனுதாரர், மனைவியைப் பிரிவதற்காகச் சுந்தரபாண்டியத்திலிருந்து காலைப் பஸ்ஸில் வந்தவர், பழக்கத்தில் சடக்கென்று எழுந்து கைகூப்பினார். மேளம் நின்ற பிறகுதான் தான் வந்த காரியம் அவருக்கு நினைவுக்கு வந்தது. கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார்.

“யாருக்கும்மா கல்யாணம்?” என்று கேட்டார்.

“தெரியலைங்கய்யா,” என்றாள் கிருபாபாய். அதுதான் உண்மை.

உள்ளறையிலிருந்து வக்கீல் எட்டிப் பார்த்தார். “ஏம்மா, நான் வாங்குனது கம்ப்யூட்டரா, கல்யாண மண்டபமா?”

கிருபாபாய்க்கு இருபத்திரண்டு வயது. வீடு ராஜபாளையத்தில். பகலில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கத்தில் இருந்த இந்த வக்கீலிடம் டைப்பிஸ்ட் வேலை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பு. அங்கே ஆறு கம்ப்யூட்டர்களுக்கு முப்பது பேர்; ஆளுக்கு இருபது நிமிஷம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதனால், நாள் முழுவதும் தன் கைக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வக்கீல் ஆபீஸில் வந்து இறங்கியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வேலை போனால் பேண்டேஜ் கம்பெனியில் மடித்துக் கட்டும் பிரிவில் சேர்த்துவிடுவதாக அவள் அப்பா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. துணிச்சுருள்தான்.

அவளிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. இடது பக்கத்தில் அன்றன்று செய்தவற்றை மணி குறித்து எழுதுவாள். வலது பக்கத்தின் தலையில் ‘சந்தேகம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருப்பாள். எப்போதும் வலது பக்கம்தான் முதலில் நிரம்பும். ‘சரியாகத்தான் செய்தேனா?’ என்பது அதில் அடிக்கடி வரும் வரி. எழுதி எழுதிக் கை வலித்துப்போய் அதை ‘ச.செ.?’ என்று சுருக்கிவிட்டாள். அன்றைய பக்கத்தில் இப்படி எழுதினாள்: ‘11.20. கம்ப்யூட்டர் மேளம் கொட்டியது. காரணம் நானா? ச.செ.?’

கம்ப்யூட்டர் புதிதல்ல. ராஜபாளையத்தில் சோலைச்சாமி என்பவர் நடத்திய ‘மணமாலை’ திருமணத் தகவல் நிலையத்தில் இரண்டு வருஷம் வரன் தேடிய கம்ப்யூட்டர் அது. சோலைச்சாமி அந்தத் தொழிலை விட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு மாறியபோது வக்கீல் அதை வாங்கினார். “எங்க மணமாலை புரோகிராம முழுசா நீக்கிட்டேன் சார். இப்ப அது பொறந்த பிள்ள மாதிரி,” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பிறந்த பிள்ளை முந்தின ஜென்மத்தை மறக்கவில்லை என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. ஐந்து நிமிஷம் யாரும் தொடாமல் விட்டால் கறுத்த திரையில் ‘வருக! உங்களுக்கான நல்ல வரன் இங்கே காத்திருக்கிறது’ என்று மஞ்சள் எழுத்து வலமிருந்து இடமாக ஊர்ந்து போனது. ஜீவனாம்சம் கேட்டு வந்த ஒரு அம்மாள் அதை மூன்று தடவை படித்துவிட்டு, “நெசமாவா?” என்று குமாஸ்தா பொன்னுராஜிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

அடுத்தது வக்கீல் நோட்டீஸ். மம்சாபுரத்தில் கடையைக் காலி செய்யச் சொல்லி ஒரு வாடகைதாரருக்கு இங்கிலீஷில் காரசாரமாக ஒரு நோட்டீஸ் போனது. நான்காம் நாள் அந்த மனிதர் அரைக்கிலோ பால்கோவாவோடு வந்து நின்றார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. ஆனால் தாளின் மேலே இரண்டு பக்கமும் குத்துவிளக்கும், கீழே நடுவில் ‘சுபம்’ என்றும் அச்சாகியிருந்ததை அவர் பார்த்திருந்தார். நல்ல செய்திதான் என்று நினைத்துவிட்டார். விஷயம் புரிவதற்குள் வக்கீல் இரண்டு வாய் பால்கோவா சாப்பிட்டிருந்தார்.

திரையில் ஊர்ந்த எழுத்தைக் கிருபாபாயே சமாளித்தாள். ஸ்க்ரீன் சேவரை எங்கே மாற்றுவது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குத்துவிளக்கைப் பிடிக்க ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆனது. புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு தாளுக்கும் அச்சாக இருக்கும் மூலத்தாள் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்குள் இருந்த குத்துவிளக்கையும் சுபத்தையும் அழித்தாள். நீக்கியதை எங்கிருந்து நீக்கினாள், எப்படி நீக்கினாள் என்று நோட்டில் ஒன்றுவிடாமல் எழுதினாள்.

மேளம்தான் அசையவில்லை.

அவள் தப்புச் செய்தபோதெல்லாம் அது கொட்டியது. இல்லாத பெயரைத் தேடினால் மேளம். பெட்டி திறந்திருக்கும்போது வேறு இடத்தில் அமுக்கினால் மேளம். பிரிண்டரில் தாள் தீர்ந்தால் மேளம். தன் தப்புகளை யாரும் பார்க்காமல் திருத்திக்கொள்வதில் இருபத்திரண்டு வருஷம் கவனமாக இருந்த பெண்ணுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம். எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்த முத்துராமலிங்கம் கணக்கு வைக்கவே தொடங்கிவிட்டார். மாலை அவள் பஸ்ஸுக்குப் போகும்போது, “ஏம்மா, இன்னைக்கு ஏழு முகூர்த்தம். நேத்து அஞ்சுதான்,” என்பார். ஒரு நாள் அவள் தலைமேல் ஒரு கை பொரியை அட்சதையாகத் தூவினார்.

“ஸ்பீக்கர் ஒயரப் பிடுங்கிப் போடு புள்ள, தீந்துது சோலி,” என்றார் பொன்னுராஜ். பிடுங்கியும் பார்த்தார்கள். மறுநாள் காலை வக்கீல் தினம் கேட்கும் சாமி பாட்டு சிடி ஊமையாகிப் போனது. வக்கீல் கத்திய கத்தலுக்கு அந்த ஸ்பீக்கரே தேவையிருக்கவில்லை. பாட்டு முடிந்ததும் பிடுங்குவது என்று ஏற்பாடு செய்தார்கள்; அன்றைக்குப் பொன்னுராஜ் மறந்துவிட்டார், மூன்று முகூர்த்தம் நடந்தது.

திங்கட்கிழமை வக்கீல் அவளைக் கூப்பிட்டார்.

“வியாழக்கெழமை சாயந்தரம் நாலு மணிக்கு இரும்புக்கடை ஐயாதுரை அண்ணாச்சி குடும்பம் வருது. அவிய மக வேலுத்தாயும் மாப்பிள்ள காமராஜும் சம்மதிச்சுப் பிரியுதாக. ரெண்டு பேருக்கும் சண்ட கெடையாது. சண்டயெல்லாம் அப்பமாருக்குத்தான். ஒரு வருசமாப் பேசி, ரெண்டு சம்பந்தியும் ஒரே ரூம்ல உக்கார இப்பத்தான் ஒத்துக்கிட்டிருக்காக. நான் சொல்லுதது புரியுதா?”

“புரியுது சார்.”

“அன்னைக்கு இங்க மேளம் கொட்டுச்சுன்னா, கேலி பண்ணுதோம்னு நெனச்சு ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போயிருவாக. பொறவு இந்தக் கேஸு பத்து வருசம் இழுக்கும். ஒயரப் பிடுங்குதேன், மறந்துட்டேங்கிற கதையெல்லாம் வேண்டாம். அத வேரோட எடு. எடுக்க முடியலன்னா சொல்லிரு. கம்ப்யூட்டரக் குடுத்துட்டு, பழைய டைப் மிஷினையும் பழைய ஆளையும் கூப்புட்டுக்கிடுதேன்.”

பழைய ஆள் என்றால் பழைய ஆள் வருவார், புது ஆள் போவாள். அதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

அன்று மாலையே கிருபாபாய் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஒலிகளுக்கான இடத்துக்குப் போனாள். எந்தப் பிழைக்கு எந்தச் சத்தம் என்று அங்கே ஒரு பட்டியல் இருந்தது. எல்லாவற்றுக்கும் எதிரே மேளம் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றாக ‘எதுவுமில்லை’ என்று மாற்றினாள். பிறகு வேண்டுமென்றே சேமிக்காமல் ஒரு தாளை மூடினாள். நிசப்தம். ‘4.50. மேளம் அகற்றப்பட்டது,’ என்று எழுதிவிட்டு, வலது பக்கத்தில் எதுவுமே எழுதாமல் ஓடிப்போய்ப் பஸ் பிடித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு மேளம் கொட்டியது. எதிர்க்கடையிலிருந்து முத்துராமலிங்கம் கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

பட்டியலைத் திறந்து பார்த்தாள். எல்லா வரியிலும் மறுபடி மேளம். கிருபாபாய்க்குத் தன்மேல் வந்த சந்தேகம் கொஞ்சநஞ்சமில்லை. நேற்று ஓகே என்பதை அமுக்கினேனா? அமுக்கியதாக நினைத்துக்கொண்டேனா? அமுக்கியதாக எழுதிவிட்டு அமுக்காமலே போய்விட்டேனா? ச.செ.? ச.செ.? என்று வலது பக்கம் நிரம்பி வழிந்தது.

அன்று சாயந்தரம் மறுபடி எல்லாவற்றையும் மாற்றினாள். இந்தத் தடவை பொன்னுராஜைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, நான் ஒவ்வொண்ணா மாத்துததப் பாத்துக்கிட்டே இருங்க. கடைசில ஓகேய அமுக்குததையும் பாருங்க.”

“பாக்கேன். பாத்து?”

“நோட்டுல சாட்சிக் கையெழுத்துப் போடுங்க.”

பொன்னுராஜுக்கு முப்பது வருஷக் குமாஸ்தா அனுபவம். எத்தனையோ உயிலுக்கும் கிரையப் பத்திரத்துக்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். ஒரு பெண் கம்ப்யூட்டரில் ஓகே அமுக்கியதற்கு இதுவரை போட்டதில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ‘மேற்படி ஓகே என் முன்னிலையில் மாலை 4.55 மணிக்கு அமுக்கப்பட்டது’ என்று எழுதி, தகப்பனார் பெயரோடு கையெழுத்துப் போட்டார்.

“கைநாட்டும் வேணுமாட்டி?”

“வேண்டாம் அண்ணாச்சி.”

புதன்கிழமை காலை மேளம் கொட்டியது. பொன்னுராஜ் வாயைப் பிளந்தார். “என் கண்ணு முன்னாலல்லா அமுக்குன!”

கிருபாபாய் நோட்டைத் திறந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அமுக்கியது நிஜம். சாட்சி இருக்கிறது. அப்படியானால் தப்பு தன்னுடையதில்லை. அவள் வீட்டுக்குப் போன பிறகோ, மறுநாள் வருவதற்கு முன்போ, வேறு எதுவோ வந்து எல்லாவற்றையும் பழையபடி எழுதி வைக்கிறது. ராத்திரி முழுக்க மெஷின் அணைந்துதான் கிடக்கிறது. ஆக, எழுதுவது காலையில் அதை எழுப்பும்போதுதான்.

அன்று மாலை வகுப்புக்கு முன்பே ராஜபாளையத்தில் இறங்கி சோலைச்சாமியின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். மூன்று கண்ணாடிக் கூண்டுகளில் மூன்று பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். சோலைச்சாமி மீட்டரில் ஒரு கண்ணும் அவள்மேல் ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, நீங்க மணமாலைய முழுசா எடுக்கல.”

“எடுத்தேனே! என் கையாலல்லா எடுத்தேன். நெசமாவே எடுக்கவான்னு கேட்டுச்சு, எடுன்னேன். முடிச்சுட்டு, ‘சிலத எடுக்க முடியல, நீங்களே எடுத்துக்கிடுங்க’ன்னு ஏதோ எழுதிக் காட்டுச்சு. சரி, கெடக்கட்டும்னு ஓகே போட்டுட்டேன்.”

“அந்தச் சிலதுலதான் அண்ணாச்சி மேளம் இருக்கு. தப்பாப் போனாக் கொட்டுது.”

சோலைச்சாமியின் முகம் மலர்ந்தது. “அது என் யோசனை! பொருத்தம் பாக்கோம்னு வையி. பத்துக்கு நாலுதான் தேறுது. கம்ப்யூட்டரு ‘டொய்ங்’னு ஒரு சத்தம் போடும். அம்புட்டுத்தான். பொண்ணு வீட்டுக்காரவுக அபசகுனம்னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிருவாக. கல்யாணத்துல எவனாச்சும் தும்முனா என்ன செய்தோம்? ஆகாத சத்தம் யாரு காதுலயும் விழப்பிடாதுன்னு வெரல ஆட்டுதோம், மேளக்காரன் கொட்டுதான். அதே மாதிரி இந்தக் கம்ப்யூட்டரு எப்பத் தும்முனாலும் மேளம் கொட்டணும்னு, புரோகிராம் எழுதுன மதுரக்காரன்ட்ட சொல்லிட்டேன்.”

“எடுத்தாலும் காலைல திரும்ப வந்துருதே?”

“வரும்லா! என் ஆபீஸ்ல இருந்த ரெண்டு பிள்ளைகளும் காது வலிக்குன்னு அத அமத்தி அமத்தி வச்சிருவாளுக. யாரு அமத்துனாலும் காலைல மிஷின் எந்திரிக்கும்போது மேளமும் கூட எந்திரிக்கணும்னு கண்டிசனாச் சொன்னேன். செஞ்சு குடுத்துட்டுப் பெங்களூர் போயிட்டான். எங்க எழுதி வச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது. ஆனா வேலைய எம்புட்டுச் சுத்தமாச் செஞ்சிருக்கான் பாரு!”

கூண்டுக்குள் இருந்தவர், “சத்தம் போடாதீரும்யா, மெட்ராஸ்ல பேசுதது கேக்கல!” என்று கண்ணாடியைத் தட்டினார்.

வகுப்பில் சாரிடம் கேட்டாள். மிஷின் எழுந்ததும் தானாகச் செய்ய வேண்டிய வேலைகளை எங்கே எழுதி வைப்பார்கள்? சார் அவளைவிட நாலு வயதுதான் பெரியவர். பதில் சொல்லும் முன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

“ரெஜிஸ்ட்ரில இருக்கும். அதுல கை வைக்காதீங்க. மிஷினோட மொத்த நெனப்பும் அதுலதான் இருக்கு. ஒரு வரி தப்பாப் போனா நாளைக்கு அது எந்திரிக்கவே எந்திரிக்காது. நானே ஒரு தடவதான் தொறந்தேன். பாத்தேன், மூடிட்டேன்.”

“கை வச்சே ஆகணும்னா சார்?”

சார் யோசித்தார். “மொதல்ல அத அப்படியே ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிடுங்க. பொறவு கடவுள வேண்டிக்கிடுங்க.”

வியாழக்கிழமை காலை எட்டரைக்கே கிருபாபாய் ஆபீஸில் இருந்தாள். முதலில் கடவுளை வேண்டிக்கொண்டாள். பிறகு காப்பி எடுத்தாள். ரெஜிஸ்ட்ரி திறந்தது. மஞ்சள் மஞ்சளாகக் கோப்புறைகள், அவற்றுக்குள் கோப்புறைகள், அவற்றுக்குள்ளும் கோப்புறைகள். அவள் நடந்து போகிற வழியை ஒவ்வொரு படியாக நோட்டில் எழுதிக்கொண்டே இறங்கினாள், திரும்பி வரத் தெரிய வேண்டுமே. ஒன்பதாவது படியில் அது இருந்தது: எழுந்ததும் செய்ய வேண்டியவை. மொத்தம் ஆறு வரி. ஆறையும் அப்படியே எழுதினாள். ஐந்து என்னவென்று விளங்கவில்லை. அவற்றைத் தொடக் கூடாது. ஆறாவதன் பெயர் மங்களம். மேள அமைப்புகளைச் சத்தமில்லாமல் மறுபடி எழுது என்பது அதன் உத்தரவு.

“சத்தமில்லாமலாம்!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அந்த வரியைத் தேர்ந்து நீக்கும் பொத்தானை அமுக்கினாள். நிச்சயமாக நீக்கவா என்று ஒரு பெட்டி எழுந்தது. எழுந்து, முழுதாகப் பன்னிரண்டு விநாடி கெட்டி மேளம் கொட்டியது.

“இன்னைக்கு வெள்ளனவே முகூர்த்தமா!” என்று எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது.

கிருபாபாய் மேளம் முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்து, ‘ஆம்’ என்பதை அமுக்கினாள்.

பிறகு பட்டியலில் எல்லாச் சத்தத்தையும் மூன்றாம் முறையாக மாற்றினாள். மேளம் இருந்த கோப்பை அழிக்கப் போனவள், கையை எடுத்தாள். எதையும் நீக்கினால் ஒரு மாதம் வைத்திருந்து பார்ப்பது அவள் வழக்கம். வீட்டில் பழைய காலண்டரைக்கூட அப்படித்தான். மேளத்தை ஒரு ஃப்ளாப்பிக்கு மாற்றினாள். மேலே ஒட்டிய சீட்டில் ‘மேளம். அகற்றியது. 1 மாதம் வைக்கவும்’ என்று எழுதினாள்.

மிஷினை அணைத்து எழுப்பினாள். அது எழுந்தது. அதற்கே ஒரு முறை கடவுளுக்கு நன்றி சொன்னாள். சேமிக்காமல் மூடினாள், அமைதி. இல்லாத பெயரைத் தேடினாள், அமைதி. மறுபடி அணைத்து, மறுபடி எழுப்பி, பதினோரு வகையான தப்பு செய்தாள். அமைதியோ அமைதி. பன்னிரண்டு மணிக்கு முத்துராமலிங்கம் டீ கிளாஸோடு தாமே வந்து, “என்னம்மா, இன்னைக்கு ஆபீஸ் லீவா?” என்று கேட்டார்.

நாலு மணிக்கு இரண்டு குடும்பங்களும் வந்தன. இரும்புக்கடை ஐயாதுரை கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். காமராஜின் தகப்பனார் வைகுண்டராஜ், ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரி, மேற்கே பார்த்து உட்கார்ந்தார். நடுவில் வேலுத்தாயும் காமராஜும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் மாதிரிச் சாதாரணமாக இருந்தார்கள். ஒரு ஓரமாகக் காமராஜின் அம்மா. வக்கீல் கிருபாபாயைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் தலையை ஆட்டினாள். மேளம் இல்லை.

மனுவில் வேலுத்தாயின் வயது ஒன்று கூடியிருந்தது. திருத்தி அச்சடிக்கச் சொன்னார் வக்கீல். மனுவின் நகலைக் கிருபாபாய் அதே ஃப்ளாப்பியில்தான் வைத்திருந்தாள். கைவசம் வேறு ஃப்ளாப்பி இல்லை. திறந்தாள். திரையில் இரண்டே கோப்புகள். ஒன்று விவாகரத்து, ஒன்று மேளம்.

திருத்தி, அச்சடித்து, தாளை நீட்டினாள். வக்கீல் பேனாவைத் திறந்து வேலுத்தாய் பக்கம் நகர்த்தினார்.

“எம்மக கொறஞ்ச வயசுலயே கஷ்டப்பட்டுட்டா,” என்றார் ஐயாதுரை, யாரையும் பார்க்காமல்.

“யாரு கஷ்டப்படுத்துனாவளாம்?” என்றார் வைகுண்டராஜ், சுவரைப் பார்த்து.

“அப்பா, சும்மா இருங்க,” என்றாள் வேலுத்தாய். “எங்களுக்கு ஒத்து வரல. அம்புட்டுத்தான.”

“நீ சும்மா இரு தாயி. குரல ஒசத்திக்கூடப் பேசாத என் பிள்ள, அவரு வீட்டுக்குப் போயித்தான்...”

“எங்க வீட்டுக்கு வந்து? சொல்லும்யா! எங்க வீட்டுக்கு வந்து என்ன?” வைகுண்டராஜ் எழுந்துவிட்டார். “பெரிய மனுசனாச்சேன்னு பாத்தா... உம்ம மகளப் பத்தி நான் வாயத் தொறக்கட்டுமா? ஊருக்குள்ள என்ன பேச்சுன்னு சொல்லட்டுமா?”

“சொல்லும் பாப்போம்!” என்று ஐயாதுரையும் எழுந்தார்.

காமராஜ், “அப்பா!” என்றான். வேலுத்தாயின் முகம் வெளுத்தது. பேனா அவள் கையில் அப்படியே நின்றது.

வக்கீலுக்குத் தெரியும், அந்த ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்டால் இந்த அறையில் இனிக் கையெழுத்து விழாது. “அண்ணாச்சி, அண்ணாச்சி,” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. அவருடைய வலது கை தானாக மேலே எழுந்தது. ஆள்காட்டி விரலை வேகமாக ஆட்டியது.

கிருபாபாய் அந்த விரலைப் பார்த்தாள். கல்யாண வீட்டில் மேளக்காரரைப் பார்த்து ஆட்டுகிற அதே ஆட்டல். எனக்கா? இன்றைக்கா? மேளத்தை வேரோடு எடு என்று சொன்ன இதே மனிதரா? அவர்களைத்தான் அடக்குகிறாரோ? ச.செ.? கேட்டுவிடலாம், கேட்பதற்குள் வார்த்தை வந்துவிடும். வேலுத்தாயின் முகத்தை இன்னொரு முறை பார்த்தாள். இரண்டு கோப்புகளில் இரண்டாவதை அமுக்கினாள்.

ஃப்ளாப்பி டிரைவ் ‘கர்ர்... கர்ர்...’ என்று யோசித்தது. நேற்றுவரை கூப்பிடாமலே வந்த மேளம், இப்போது கூப்பிட்டும் வரவில்லை.

“இவ என்ன செஞ்சான்னா...” என்றார் வைகுண்டராஜ்.

‘கர்ர்...’

“கல்யாணமான மூணாம் மாசமே இந்த...”

தவில் இடித்தது. நாகஸ்வரம் கூரையை முட்டியது. வைகுண்டராஜின் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. அறுபது வருஷப் பழக்கம் யாரை விட்டது? ஐயாதுரையின் கைகள் நெஞ்சுக்கு நேரே கூடின. காமராஜின் அம்மா எழுந்து நின்று, அட்சதைக்காகக் காற்றில் கையை நீட்டினாள். பன்னிரண்டு விநாடி முடிந்ததும் வைகுண்டராஜ் வாயைத் திறந்தார். எங்கே விட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. மூடிக்கொண்டார்.

முதலில் சிரித்தது வேலுத்தாய். அடக்கப் பார்த்து முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். காமராஜுக்கும் தொற்றிக்கொண்டது.

“நம்ம கல்யாணத்துலகூட இவ்வளவு சரியா அடிக்கல,” என்றான்.

“அன்னைக்கு மேளக்காரன் தூங்கிட்டாம்லா,” என்றாள் அவள். சிரித்துக்கொண்டே குனிந்து கையெழுத்துப் போட்டாள். பேனாவை அவனிடம் கொடுத்தாள். அவனும் போட்டான். பெரியவர்கள் இருவரும் உட்கார்ந்து அவரவர் துண்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

“சட்டப்படி ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் இன்னொரு தடவ வரணும்,” என்றார் வக்கீல்.

அவர்கள் போன பிறகு வக்கீல் கிருபாபாயின் மேசைக்கு வந்து நின்றார். “அத எடுத்துட்டேன்னு தலைய ஆட்டுனியேம்மா?”

“எடுத்துட்டேன் சார். மிஷின்ல இல்ல. ஃப்ளாப்பில இருக்கு. நாமளா கூப்புட்டாத்தான் வரும்.” ஃப்ளாப்பியை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். “நீங்க வெரல ஆட்டுனீங்கன்னு... எனக்குத்தான்னு நெனச்சேன். தப்பா சார்?”

வக்கீல் தன் ஆள்காட்டி விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஃப்ளாப்பியை எடுத்து, சீட்டைப் படித்தார். மேசை மேலிருந்த பேனாவை எடுத்து ‘1 மாதம்’ என்பதை அடித்து, ‘6 மாதம்’ என்று எழுதினார்.

“கேஸ் கட்டோடவே இருக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு வந்துரு, மம்சாபுரம் நோட்டீஸ மறுபடி அடிக்கணும்,” என்று உள்ளே போனார்.

கிருபாபாய் நோட்டைத் திறந்தாள். இடது பக்கத்தில் ‘வியாழன், மாலை 4.35. மேளம்: 1. தப்பு: 0’ என்று எழுதினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். சைபருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னுராஜ், “குடுட்டி இங்க,” என்று பேனாவைப் பிடுங்கினார். கேள்விக்குறியை ஒரே கோட்டில் அடித்தார். அடித்தலுக்குப் பக்கத்தில், பத்திரத்தில் போடுவதுபோலவே, தகப்பனார் பெயரோடு சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.